கேமராவுக்குத் தெரியாத விரல்கள்

இதை நானே எழுதுகிறேன். வலது கையால், பேனா பிடித்து எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் யாரும் இல்லை. முதல் வரியிலேயே இதைச் சொல்வது தற்பெருமை என்றால், ஆமாம், தற்பெருமைதான். படித்து முடித்த பிறகும் அது உங்களுக்குத் தப்பாகத் தெரிந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

என் பெயர் முத்துலட்சுமி. ஊர் கோவில்பட்டிப் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வந்தவள். ஒரகடம் போகிற வழியில் கார்களுக்கு வயரிங் செய்து தரும் கம்பெனி அது. ஒரு காருக்குள் ஓடுகிற அத்தனை வயர்களையும் ஆள் உயரப் பலகையில் பரப்பிக் கட்டி, முனைகளைக் கனெக்டர் என்கிற பிளாஸ்டிக் கூடுகளுக்குள் சொருக வேண்டும். சொருகுவதற்கு ஒரு முறை உண்டு. சேர்ந்த அன்றைக்கே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். தள்ளு, க்ளிக் கேள், இழுத்துப் பார். தள்ளினால் மட்டும் போதாது. சத்தம் கேட்டாலும் போதாது, அது பக்கத்துப் பலகையின் சத்தமாக இருக்கலாம். இழுத்துப் பார்த்து வயர் கையோடு வராமல் நின்றால்தான் அது வேலை.

இந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகாது. ரூமைப் பூட்டினால் பூட்டை இழுப்போம். பையின் ஜிப்பைப் போட்டால் ஜிப்பை இழுப்போம். என் எதிர்ப் பலகைக்காரி ரோஸ்லின், மண்ணூர்ப் பெண். அவள் தன் அண்ணன் மகளுக்கு ரிப்பன் கட்டிவிட்டு இழுத்துப் பார்த்து, அந்தக் குட்டியிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

சுனாமிக்கு அடுத்த மாதம் என்னை மெயின் பலகைக்கு மாற்றினார்கள். கை வேகமும் சுத்தமும் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பலகை. ஒரு ரூபாய் காயின் போனில் ஊருக்குப் பேசி அம்மாவிடம் சொன்னேன். "நல்லாருட்டி" என்றாள். அவளுக்குப் பலகையும் தெரியாது, கனெக்டரும் தெரியாது. நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது.

பொங்கல் முடிந்து வந்ததும் எனக்கு வயிற்றுப்போக்கு. ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு வந்தது, எல்லோருக்கும் சரியானது, எனக்கும் சரியானது. அதன்பிறகு சில நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஷிஃப்ட் முழுக்க நிற்கிறோமே, அதனால்தான் என்று நினைத்தேன். அப்புறம் முழங்கால் மடங்கியது. ஒரு காலையில் பலகை முன்னால் நின்று வயரைத் தள்ளுகிறேன், க்ளிக் வரவில்லை. மறுபடி தள்ளுகிறேன், வரவில்லை. கனெக்டர்தான் கோளாறு என்று இன்னொன்றை எடுத்தேன். அதிலும் வரவில்லை. கோளாறு என் கட்டைவிரலில் இருந்தது. அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸின் படியிலிருந்து இறங்கும்போது கால் இரண்டும் துணியாகத் தொய்ந்து, ரோஸ்லின் மேலேயே விழுந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்கள். ரோஸ்லின் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னா சத்துக் கொறைவு? நேத்து வரிக்கும் என்னிய விட அதிகமா துன்னா இவ" என்று சண்டை போட்டு, அவளுடைய அண்ணன் வேலை செய்யும் மெக்கானிக் ஷெட்டிலிருந்து வேனைக் கொண்டுவரச் சொல்லி, நேராகச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என் உயிரைக் காப்பாற்றியது அவளுடைய சண்டைக்கார வாய்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். சுற்றிலும் கூட்டம். எல்லோருக்கும் எங்கோ வலி. எனக்கு வலியே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. டாக்டர் வந்து சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டுமாம். துள்ளவில்லை. பிறகு, "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணும்மா, எவ்வளவு போகுதோ போகட்டும்" என்றார். எண்ணுவதில் நான் கெட்டி என்று ஆரம்பித்தேன். இருபதைத் தொடுவதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. அவர் முகம் மாறியது. மூச்சை இழுக்கிற தசை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்க்கிற சோதனை அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு காலையும் மாலையும் அதே எண்ணிக்கைதான். எண் குறைந்தால் மூச்சுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொன்னதால், பரீட்சைக்குப் படிப்பதுபோல அதற்கு மூச்சைச் சேர்த்துவைத்தேன். குழாய் வைக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

நோயின் பெயர் கில்லன் பாரே. வாயில் நுழையாத பெயர் என்று, சேதி கேட்டு ஊரிலிருந்து ஓடிவந்த அம்மா கடைசிவரை அதைச் சொல்லவே இல்லை, "அந்தச் சனியன்" என்றே சொன்னாள். வயிற்றில் வந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல் படை, கிருமி போன பிறகும் ஓயாமல், ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே அடிக்கிறது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டு டாக்டர் எனக்கேற்ற மாதிரி சொன்னார். "வயருக்கு மேல பிளாஸ்டிக் இன்சுலேஷன் இருக்கு இல்லியா? நரம்புக்கும் அந்த மாதிரி ஓர் உறை இருக்கு. உனக்கு அதுதான் கரைஞ்சிருக்கு. உள்ள காப்பர் நல்லா இருக்கும்னு நம்பறேன். அப்படி இருந்தா உறை திரும்ப வளரும். ஆனா மெதுவாதான் வளரும்."

காப்பர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நரம்புச் சோதனை செய்தார்கள். கையில் ஓரிடத்தில் சின்ன ஷாக் கொடுத்து, இன்னோர் இடத்தில் அது எவ்வளவு நேரம் கழித்து வந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். எங்கள் லைன் முடிவில் செக்கர் பலகை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வயரிலும் கரண்ட் போனால் ஒரு விளக்கு எரியும். இத்தனை காலம் நான் செய்ததைச் செக்கரில் மாட்டினார்கள், இன்று என்னையே மாட்டுகிறார்கள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. முதுகெலும்பு நடுவில் ஊசி குத்தி நீர் எடுத்தபோது சிரிப்பு வரவில்லை. அம்மாவின் கையைக் கடித்துவிட்டேன்.

மருந்து, ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற ஒரு புரதம். யார் யாரோ நல்ல மனிதர்கள் கொடுத்த ரத்தம். பாட்டில் பாட்டிலாகச் சில நாட்கள் ஏற்றினார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்ததால் பிழைத்தோம். அட்டையைத் தொலைக்காதீர்கள் என்பதற்கு மேல் அந்தக் கணக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை.

உயிருக்கு ஆபத்து நீங்கியதும் உடற்பயிற்சிக்காக என்னை ஸ்ரீபெரும்புதூருக்கும் மண்ணூருக்கும் நடுவே இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே ரோடு. சாயங்காலம் எங்கள் கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போகும். டிரைவர் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை மெதுவாக்கி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். ஜன்னல் ஜன்னலாகக் கைகள் ஆடும். நான் அம்மாவிடம், "எம்மா, என் கையத் தூக்கி ஆட்டு" என்பேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டுவாள். பஸ் போன பிறகு கையைப் பழையபடி மடியில் வைப்பாள்.

ஒரு நாள் அப்படி வைத்துவிட்டு, "போதும்ட்டி. ஊருக்குப் போவோம். கஞ்சியோ கூழோ நான் ஊட்டுதேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "என் பலகைய யாருக்கோ குடுத்துட்டு வந்து ஒன்ட்ட கஞ்சி குடிக்கவா?" என்றேன். மெயின் பலகையைப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணைக் கொண்டு ஓட்டுவதாகவும், கோடை முடிகிறவரைதான் எனக்காக வைத்திருப்பார்கள் என்றும் ரோஸ்லின் சொல்லியிருந்தாள். விரலுக்குப் பலம் திரும்பினால் அந்தப் பலகை எனக்கு. திரும்பாவிட்டால் அம்மாவோடு ரயில். என் வாழ்க்கை அந்த நேரம் அவ்வளவு சின்னதாகச் சுருங்கியிருந்தது.

பிசியோதெரபி ஹேமா மேடம் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். தினமும், "முத்து, கையைத் தூக்கு" என்பார். தூக்கப் பார்ப்பேன். மேஜையிலிருந்து நகராது. "மனசுல தூக்கு, நரம்பு கேட்டுக்கும்" என்பார். கேட்காத நரம்பிடம் எவ்வளவு நேரம் கெஞ்சுவது? கொஞ்ச நாளில் நான் முயல்வதையே விட்டுவிட்டு, முயல்கிற மாதிரி முகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அவருக்கும் அது தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். சிங்கப்பூரில் இருக்கும் அவர் அண்ணன் மகனுடைய வீடியோ கேம். பையனுக்கு அலுத்துவிட்டதாம். வழக்கமாக இந்த மாதிரி விளையாட்டில் பட்டன் வைத்த பிடி ஒன்று இருக்கும், அதை அமுக்கித்தான் ஆட வேண்டும். இதில் பிடியைத் தொடவே வேண்டாம். டி.வி.க்கு மேல் ஒரு சின்னக் கேமரா நம்மைப் பார்க்கும். திரையில் நாமே தெரிவோம். இரண்டு பக்கமிருந்தும் பலூன்கள் மிதந்து வரும். நம் கை அசைந்து பலூன்மேல் பட்டால் அது வெடிக்கும், ஸ்கோர் ஏறும். பட்டன் விளையாட்டாக இருந்திருந்தால் நான் கிட்டேயே போயிருக்க முடியாது. விரல் செத்தவளிடம் பட்டனைக் கொடுத்து என்ன செய்ய? இது என்னிடம் விரலே கேட்கவில்லை. உடம்பில் மிச்சம் என்ன இருக்கிறதோ அதை வைத்து ஆடு என்றது.

டி.வி.யைப் போட்டதும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தேன். நோய் வந்த பிறகு கண்ணாடி பார்க்கவில்லை. கன்னம் ஒட்டி, ஒரு பக்க உதடு லேசாகத் தொங்கி, யாரோ மாதிரி இருந்தேன். அழுகை வரப் பார்த்தது. அதற்குள் ஒரு சிவப்புப் பலூன் என் முகத்துக்கே நேராக வந்தது. வலது கை மேஜையைவிட்டு எழும்பியது. நான் தூக்கவில்லை, அது எழும்பியது. டப் என்று பலூன் வெடித்தது. கை திரும்ப விழுந்தது.

"எம்மா!" என்று கத்தினேன். "பாத்தேன்ட்டி, பாத்தேன்ட்டி" என்று அம்மா என் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஹேமா மேடம் கைதட்டினார். எத்தனையோ நாள் கெஞ்சியும் வராத கை, ஒரு பொய்ப் பலூனுக்காக வந்தது. இந்த விளையாட்டைப் பற்றி இனி நான் என்ன குறை சொன்னாலும் இந்த நன்றியை மறக்க மாட்டேன்.

அம்மாவும் ஒரு முறை ஆடினாள். சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கோழி விரட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் வீசினாள். நடுவில் நின்று, "ஏட்டி, டி.வி.ல நான் குண்டாவா தெரியுதேன்?" என்று கேட்டதில் பாதிப் பலூன் போய்விட்டது. அப்படியும் அவள் ஸ்கோரை வார்டில் யாரும் தாண்டவில்லை.

அதிலிருந்து தினமும் ஆட்டம். வெயில் ஏறிக்கொண்டே போனது. பயிற்சி அறையில் எனக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் பச்சைத் திரை, மேலே மின்விசிறி. ரோஸ்லின் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடே வருவாள், கையில் அவள் வீட்டு மீன் குழம்புத் தூக்கு. ஒரு சிலேட்டைச் சுவரில் மாட்டி, எங்கள் லைனில் மணிக்கு இவ்வளவு என்று எழுதிப்போடுவதுபோல எனக்கும் டார்கெட் எழுதிவைத்தாள். "இன்னா முத்து, நேத்து டார்கெட்டே தாண்டலியே, சூப்ரவைசர் மெமோ குடுத்துடுவாரு" என்பாள். ஸ்கோர் ஏறியது. மறுநாள் இன்னும் ஏறியது. வார்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். லைன் பெண்களுக்கு எண் ஏறினால் போதும், ரத்தம் சூடாகிவிடும். இலக்கைத் தொட்டாயிற்று என்றால் தொட்டாயிற்றுதான். ரோஸ்லின் சிலேட்டில் சாக்பீஸால் நட்சத்திரம் போட்டாள். நானும் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன்.

ஆனால் காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

இது எனக்கு உறுத்தியது. ஸ்கோரோ அம்மாவுடையதை எட்டிப் பிடிக்கப் போகிறது. கையோ டம்ளர் வரைக்கும் போய் நின்றுவிடுகிறது. இடது கை அதுவும் கிடையாது. அப்படியிருக்க இடது பக்கப் பலூன்களெல்லாம் எப்படி வெடிக்கின்றன? ஒரு நாள் காலை, ரோஸ்லின் இல்லாத நேரம், ஹேமா மேடத்திடம் சொன்னேன். "மேடம், நான் ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிடுதேன். அசைக்க மாட்டேன். நீங்க ஆட்டத்தைப் போடுங்க."

"எதுக்கு முத்து?"

"இழுத்துப் பாக்கணும் மேடம்."

அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் போட்டார். நான் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பலூன் வந்தது. டப். இன்னொன்று. டப், டப். எனக்குப் பின்னால் மின்விசிறிக் காற்றில் பச்சைத் திரை ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஓரம் டி.வி.யில் என் இடது தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, அழகாக ஒவ்வொரு பலூனாக உடைத்தது. அந்தக் கேமராவுக்குக் கை என்றால் என்னவென்று தெரியாது. எங்கே அசைவு இருக்கிறதோ அது கை. என் கையும் கை, துணியும் கை, மற்ற நாட்களில் பின்னால் நின்று என்னை உற்சாகப்படுத்தி ஆடிய ரோஸ்லினின் துப்பட்டாவும் கை. ஆட்டம் முடிந்தபோது, ஒரு விரல்கூட அசைக்காமல் முந்தின நாள் ஸ்கோரில் முக்கால்வாசி வந்திருந்தது.

ஹேமா மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ முத்து. நான் இதை டாக்டர்கிட்ட வேற பெருமையா சொல்லிட்டு வந்தேனே" என்றார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவர் ஏமாந்தது என்மேல் இருந்த ஆசையால்தான்.

அம்மாதான் கேட்டாள். "அப்ப இம்புட்டு நாளும் காத்துதான் ஆடுச்சாட்டி?"

எனக்கு முதலில் சிரிப்பு, பிறகு அடக்க முடியாத அழுகை. பலகையில் எல்லா க்ளிக்கும் கேட்டு, இழுத்தால் எல்லா வயரும் கையோடு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அன்று மத்தியானம் அம்மா காயின் போனில் அப்பாவிடம் ரயிலைப் பற்றிப் பேசினாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் நானே சொன்னேன். "மேடம், ஃபேனை நிறுத்துங்க. திரையைக் கட்டுங்க. பின்னாடி யாரும் நிக்கக் கூடாது." ரோஸ்லினுக்கு விஷயம் தெரிந்து, சிலேட்டு முழுவதையும் எச்சில் தொட்டு அழித்தாள். "இதெல்லாம் ரிஜெக்ட்டு மச்சி. புதுசா ஆரம்பி" என்றாள். எங்கள் லைனில் அது வசைச் சொல் இல்லை. ரிஜெக்ட் ஆனதைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஹேமா மேடமும் ஒன்றைக் கண்டுபிடித்தார். வலது கை எழும்புவதில் பாதி, நான் இடுப்பைச் சாய்த்து உடம்போடு சேர்த்துக் கையை வீசுவதால் வந்தது. விளையாட்டுக்கு அந்த வித்தியாசமும் தெரியாது. கை போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் பார்க்கும். எப்படிச் சேர்ந்தது என்று கேட்காது. அவர் ரோஸ்லினின் துப்பட்டாவை வாங்கி என் மார்பைச் சுற்றி நாற்காலி முதுகோடு கட்டினார். "இப்ப தோள் மட்டும்தான் வேலை செய்யணும். ஏமாத்த முடியாது" என்றார். இழுத்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் கட்டியிருந்தார்.

கத்திரி வெயிலில், காற்றில்லாத அறையில், நாற்காலியில் கட்டுண்டு ஆடினேன். முதல் நாள் ஸ்கோர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவும் கை இல்லை. அம்மா முந்தானையால் துடைக்க வந்தால், "டி.வி.ல நீ தெரியுதம்மா, தள்ளு" என்று விரட்டுவேன். அவள் கேமராவுக்குத் தெரியாமல் தரையோடு குனிந்து வந்து துடைத்துவிட்டுப் போவாள். பிறகு ஒரு பலூன் உடைந்தது. அது நான் உடைத்தது, சந்தேகமே இல்லாமல் நான். அந்த ஒன்றுக்காக ரோஸ்லின் சிலேட்டில் போட்ட நட்சத்திரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வாரங்கள் போயின. தோளுக்குப் பலம் திரும்பியது. முழங்கைக்கும் திரும்பியது. சுவரைப் பிடித்து நடக்கவும் ஆரம்பித்தேன். ஒரு சாயங்காலம் ஹாரன் கேட்டபோது, அம்மா வழக்கம்போல என் மணிக்கட்டைப் பிடிக்க வந்தாள். "விடும்மா" என்றேன். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி நானே ஆட்டினேன். பஸ் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஒரே கூச்சல். டிரைவர் அண்ணன் கையை எடுக்காமல் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். வாட்ச்மேன் ஓடிவந்து, இது ஆஸ்பத்திரி என்று திட்டினார்.

ஆனால் அந்தக் கை, விரல் மடங்கின வெறும் முட்டி. பலூனை முட்டியால் இடித்தாலும் உடையும், விரலால் தொட்டாலும் உடையும். கேமராவின் கண்ணில் என் ஐந்து விரலும் ஒரே கறை. அதைவிட இன்னொன்று. பலூனைத் தொட்டால் கையில் ஒன்றும் படாது. கனம் கிடையாது, தடை கிடையாது, திரும்பித் தள்ளாது. கனெக்டரில் வயரைத் தள்ளும்போது முதலில் ஒரு எதிர்ப்பு இருக்கும், அதை மீறினதும் விரல் நுனியில் ஒரு சின்னத் துள்ளல் வரும். காதுக்கு முன்னால் விரலுக்குத்தான் க்ளிக் கேட்கும். காற்றில் கை வீசுகிறவளுக்கு அந்தக் க்ளிக்கை யார் கொடுப்பது? கையில் பிடித்து வீசுகிற மாதிரி புதிய கருவி ஒன்று வெளிநாட்டில் தயாராகிறதாம், மணிக்கட்டைத் திருப்பினால்கூடத் தெரிந்துகொள்ளுமாம் என்று ஹேமா மேடத்தின் அண்ணன் சொன்னாராம். வரட்டும், நல்லதுதான். படுத்துக் கிடப்பவர்களை எழுப்பி உட்காரவைக்க அதைப்போல ஒன்று வேண்டும். ஆனால் அதுவும் என்னை இழுத்துப் பார்க்காது.

"இந்தப் பெட்டி உன்னை இதுவரைக்கும் கொண்டுவந்து விட்டுடுச்சு முத்து. இதுக்கு மேல இதுக்குத் தெரியாது" என்றார் ஹேமா மேடம். டி.வி.யை அணைத்தார். எனக்கு ஒரு தோழியை வழியனுப்பின மாதிரி இருந்தது.

கம்பெனியிலிருந்து ஒரு துண்டு வயரைக்கூட வெளியே கொண்டுவர முடியாது, கேட்டில் சோதிப்பார்கள். ரோஸ்லின் தன் அண்ணனின் ஷெட்டிலிருந்து, விபத்தில் நசுங்கிய ஒரு காரின் பழைய வயரிங்கைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தாள். கிரீஸ் நாற்றம். "மாமியார் வூட்டு சீரு, எட்துக்கோ" என்று கட்டில்மேல் கொட்டினாள். கனெக்டர்களை மண்ணெண்ணெயில் கழுவி, ஊசியால் வயர்களை விடுவித்து வைத்தாள். நான் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருக வேண்டும்.

முதலில் வயரைப் பிடிக்கவே வரவில்லை. பிடித்தால் நழுவும். நழுவாவிட்டால் ஓட்டைக்கு நேராகப் போகாது. இதற்கு ஸ்கோர் கிடையாது, இசை கிடையாது, வேடிக்கை பார்க்க வார்டு வராது. விளையாட்டு கற்றுத்தந்த பிடிவாதம் மட்டும் மிச்சம் இருந்தது. தோள் நிலையாக நின்றதால்தான் விரல் தேடிப் போக முடிந்தது, அந்தத் தோளைக் கொடுத்தது பலூன்கள்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்மா நடுவில் கோவில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குப் போய்விட்டு, தனியாகவே செங்கல்பட்டில் இறங்கி, வேறு ரயில் ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். "ஆட்டோ நெறைய ஒன்ன மாதிரி புள்ளைகதாம்ட்டி. எல்லாம் எப்படிப் பேசுதுக, எப்படிச் சிரிக்குதுக!" என்றாள். பிறகு பையைத் திறந்து, "அப்பா சொல்லிட்டாவ. அடுத்த வாரம் டிக்கெட்டு எடுத்துருவாகளாம், ரெண்டு பேருக்கும்" என்றாள். கனெக்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கறுப்பு வயரைப் பிடித்தேன். ஓட்டையைக் கண்டுபிடித்தேன். தள்ளினேன். எதிர்ப்பு வந்தது. மூச்சைப் பிடித்து, டாக்டருக்கு எண்ணினேனே அந்த மூச்சை, இன்னும் தள்ளினேன். விரல் நுனியில் அந்தத் துள்ளல்.

க்ளிக்.

நான் இழுத்துப் பார்க்கவில்லை. அம்மாவிடம் நீட்டினேன். "நீ இழும்மா" என்றேன்.

"நானா? பிஞ்சுட்டுன்னா?"

"பிஞ்சா ரெண்டு டிக்கெட்டு. இழு."

அம்மா கனெக்டரை ஒரு கையிலும் வயரை ஒரு கையிலும் பிடித்தாள். என்னை ஊருக்குக் கொண்டுபோய்க் கண்முன்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இத்தனை மாதம் ஏங்கினவள். கிணற்றில் வாளி இழுத்த கை அவளுடையது. ஈவு இரக்கம் பார்க்காமல் இழுத்தாள். வரவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வயரை விரலில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்து இன்னொரு முறை இழுத்தாள். வரவில்லை.

கனெக்டரை என் மடியில் திரும்ப வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையைத் துழாவி ஒரு ரூபாய்க் காசை எடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் இருக்கிற காயின் போனுக்கு நடந்தாள். ஜன்னல் வழியாக அவள் குரல் எனக்குக் கேட்டது. ரோட்டில் போகிற லாரிச் சத்தத்துக்கு மேல், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னாள்.

"ஏங்க, ஒரு டிக்கெட்டு போதும். எனக்கு மட்டும் எடுங்க. அவளுக்கு இங்க வேல கெடக்கு."